கௌபி: பயிரிடுவதும் கோதுடைப்பதும்

இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் பயிர்செய்யக் கிடைக்கும் காணி பெரும்பாலும் இரவல் காணிதான். அடுத்த போகத்திலும் அது நம் கையில் இருக்குமா என்பது தெரியாது. அத்தகைய நிலத்தில் நெடுங்காலப் பயிர்களை நட்டுக் காத்திருக்க முடியாது. விதைத்து 60 முதல் 75 நாட்களில் பலன் தருவதும், குறைந்த நீரில் வளர்வதும், விதையைக் கையோடு எடுத்துச் செல்லக்கூடியதுமான பயிரே நமக்கு வேண்டும். கௌபி அத்தகைய பயிர்.

உலர்ந்த கௌபியின் நிறையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். மீனும் முட்டையும் வாங்க வழியில்லாத வீட்டில், அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும் பிள்ளைகளுக்கு நல்ல காலை உணவு. இளங்காயைக் கறியாக்கலாம், இளந்தளிரை வறுக்கலாம். கௌபியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கின்றன. ஆகவே யூரியாவுக்கு அதிகம் செலவிடத் தேவையில்லை. யூரியா மிஞ்சினால் இலையும் கொடியும் செழிக்கும், காய் குறையும்.

இத்தனை நன்மை இருந்தும் பல குடும்பங்கள் கௌபியைக் கைவிடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கோதுடைக்கும் வேலை. மற்றது, வண்டு. இவ்விரண்டையும் எப்படிக் குறைக்கலாம் என்பதே இப்பாடம்.

அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம்

கோதுடைப்பது இலகுவாக இருக்குமா என்பது விதைக்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. காய் முற்றும் நாட்களில் மழை பெய்தால் காய் பூஞ்சணம் பிடிக்கும், விதை காயினுள்ளேயே முளைக்கும், கோது ஈரமாகித் தோல்போல இழுபடும். எனவே வெயில் நிச்சயமான நாட்களைத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து 65 அல்லது 70 நாட்களைப் பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும்.

வடபகுதியில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழை கடுமையானது. புரட்டாதியில் விதைத்த கௌபி அந்த மழைக்குள் அகப்பட்டுவிடும். காலபோக நெல்லை அறுத்த வயலில், மண்ணில் ஈரம் எஞ்சியிருக்கும்போதே விதைப்பது நல்லதொரு வழி. ஒன்றிரண்டு முறை நீர் பாய்ச்ச வசதியிருந்தால் இன்னும் நல்லது. பூக்கும்போதும் காய் நிரம்பும்போதும் நீர் குறையக்கூடாது.

விதைப்பு

வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 15 சென்ரிமீற்றர் இடைவெளி போதும். குழிக்கு 2 விதை இட்டு, முளைத்தபின் நல்ல செடி ஒன்றை விட்டு மற்றதை அகற்றலாம். இப்படி விதைத்தால் ஒரு பரப்புக் காணிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ விதை செல்லும். விதையின் பருமனைப் பொறுத்து இது சற்றுக் கூடும் அல்லது குறையும்.

பற்றையாக வளரும் இனங்களையே தெரிவுசெய்யுங்கள். வருணி, தவல, எம்.ஐ. 35 போன்றவை நம் நாட்டில் அறியப்பட்ட இனங்கள். உங்கள் மண்ணுக்கு எது பொருந்தும் என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே காணியில் பல இனங்களைக் கலந்து விதைத்தால் காய்கள் ஒருசேர முற்றமாட்டா. அதனால் வேலை இரட்டிக்கும்.

முதல் 4 கிழமைகளுக்குள் இருமுறை களை எடுக்க வேண்டும். அதன்பின் பயிரே நிலத்தை மூடிவிடும். இளஞ்செடி மஞ்சளாகி வாடினால் தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது அவரை ஈயின் வேலை. அச்செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். அழுக்கணவன் மொய்த்த நுனிகளைத் தொடக்கத்திலேயே கிள்ளி அழிக்கலாம்.

காய் ஆய்தல்

கௌபிக் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. 3 அல்லது 4 தடவையாக ஆய வேண்டும். பச்சைக் காயையும் காய்ந்த காயையும் ஒன்றாகப் பறித்துக் குவிப்பதே கோதுடைக்கும் வேலையைக் கடினமாக்கும் முதற்காரணம். பச்சைக் காய் தடிக்கு உடையாது, பக்கத்திலுள்ள காய்ந்த காயையும் ஈரமாக்கும்.

நிறம் மாறி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும் காயை மட்டும் ஆயுங்கள். இதற்கு விடியற்காலையே ஏற்றது. பனி ஈரம் இருக்கும்போது காய் வெடித்து விதை நிலத்தில் சிந்தாது. முற்றிய காயை வயலில் நெடுநாள் விட்டுவைக்கவும் கூடாது. வண்டு வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டுவிடும்.

கோதுடைத்தல்

ஆய்ந்த காய்களைப் படங்கிலோ பாயிலோ மெல்லியதாகப் பரப்பி 2 அல்லது 3 நாள் வெயிலில் காயவிடுங்கள். வெறுந்தரையில் காயவிட்டால் கல்லும் மண்ணும் கலந்துவிடும். மாலையில் பனி படாமல் மூடிவைக்க வேண்டும்.

காலையில் ஆய்வது போல, உச்சி வெயிலில் கோதுடைப்பது முறை. காய் சூடாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கும்போது சிறு அடிக்கே பிளந்துவிடும். உரச் சாக்கு ஒன்றை நன்கு கழுவி உலர்த்தி, அதில் பாதியளவு காயை இட்டு வாயைக் கட்டுங்கள். சாக்கைப் புரட்டிப் புரட்டி மெல்லிய தடியால் அடியுங்கள். விதை சிதறாது, தூசியும் குறையும். உலக்கை வேண்டாம். அது விதையைப் பிளந்துவிடும். பிறகு கொட்டிப் பெரிய கோதுகளைக் கையால் அள்ளி, உடையாத காய்களை மீண்டும் சாக்கில் இட்டு, எஞ்சியதைக் காற்றில் தூற்றிச் சுளகில் புடைத்தால் கௌபி சுத்தமாகிவிடும். கோதை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடலாம், கூட்டெருவிலும் சேர்க்கலாம்.

கோதுடைப்பது பெரும்பாலும் தாய்மாரின் தலையிலும் பிள்ளைகளின் தலையிலும் விழுகிறது. நாள் முழுவதும் உழைத்த தாய், இரவில் விளக்கடியில் இருந்து ஒவ்வொரு காயாக உரிக்கிறாள். பக்கத்திலிருக்கும் பிள்ளையின் படிப்பும் கெடுகிறது. நான்கைந்து குடும்பங்கள் ஒரு படங்கையும் சில சாக்குகளையும் பொதுவில் வைத்து, ஆண்களும் சேர்ந்து நண்பகலில் அடித்தால் பல இரவுகளின் வேலை சில மணி நேரத்தில் முடியும்.

விதைக்கு மட்டும் கை

அடுத்த போகத்துக்கான விதையைத் தடியால் அடிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்த விதை முளைக்காது. நோயில்லாத செடிகளில் நன்கு நிரம்பிய காய்களைத் தெரிந்து, அவற்றை மட்டும் கையால் உரியுங்கள். ஒரு பரப்புக்கான விதையைக் கையால் உரிப்பது பெரிய வேலையல்ல.

விதை உலர்ந்துவிட்டதா என அறிய, காய்ந்த உப்பையும் ஒருபிடி விதையையும் கண்ணாடிப் போத்தலில் இட்டுக் குலுக்குங்கள். உப்பு போத்தலில் ஒட்டினால் இன்னும் காயவேண்டும். பல்லால் கடித்தால் விதை நசியாமல் உடையவேண்டும். வெயிலில் காய்ந்த விதையைச் சூடு ஆறியபின் அடைத்துவையுங்கள்.

வண்டைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. 4 சுண்டு கௌபிக்கு 3 சுண்டு அரித்த, ஆறிய அடுப்புச் சாம்பல் கலக்கலாம். உணவுக்கான கௌபியானால் 1 கிலோவுக்கு 1 தேக்கரண்டி சமையல் எண்ணெய் பூசினால் முட்டைகள் பொரிக்கமாட்டா. இரண்டுமில்லையேல், பிளாஸ்ரிக் போத்தலைக் கழுத்துவரை நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடுங்கள். உள்ளிருக்கும் காற்று தீர்ந்ததும் வண்டு பெருகமுடியாது. இடையில் திறந்து பார்க்கக்கூடாது.

ஒன்றரை லீற்றர் போத்தலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விதை கொள்ளும். அது ஏறக்குறைய ஒரு பரப்புக் காணிக்கான விதை. காணியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, கிணற்றையும் வீட்டையும் கொண்டுபோக முடியாது. ஆனால் இந்தப் போத்தலைப் பைக்குள் வைக்கலாம். போய்ச் சேரும் இடத்தில் வேறெவரிடமும் விதைக்குக் கைநீட்டாமல் பயிரைத் தொடங்கலாம். எனவே எவ்வளவு நெருக்கடி வந்தாலும், முதலில் விதையை எடுத்து மூடிவைத்துவிட்டு, எஞ்சியதையே சமையலுக்கும் விற்பனைக்கும் எடுப்போம்.

குழுவாகக் கலந்துரையாட

1. நம் பகுதியில் மழையில்லாத நாட்கள் எவை? அதன்படி கௌபியை எப்போது விதைக்க வேண்டும்?

2. நம் வீடுகளில் கோதுடைப்பவர் யார்? அவ்வேலையை எப்படிப் பகிர்ந்துகொள்ளலாம்?

3. நம் குழுவில் எத்தனை வீடுகளில் இன்று விதை இருக்கிறது? இல்லாத வீட்டுக்கு ஒரு போத்தல் விதையை அறுவடையில் திருப்பித்தரும் கடனாகக் கொடுக்க நம்மால் முடியுமா?