லெட்டர் யார்கிட்ட வாங்கணும்?

அமெரிக்காவுல ரெசிடென்சிக்கு அப்ளை பண்ணப் போறே, "டீன்கிட்ட ஒரு சிபாரிசு லெட்டர் வாங்கிடவா அக்கா?"ன்னு கேட்டிருக்கே. வேண்டாம்டா. உன்னை வார்டுல வேலை செய்யப் பார்த்தவங்க எழுதட்டும்.

2022 ஜனவரியிலேருந்து யு.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் 1 தேர்வுக்கு மார்க் கிடையாது, பாஸ் இல்லேன்னா ஃபெயில். அந்த மார்க்கை வச்சுப் பிரிக்க முடியாதப்போ ப்ரோக்ராம்காரங்க லெட்டரை இன்னும் கூர்ந்து படிக்கணும். ஆனா எந்த லெட்டரைப் பிரிச்சாலும் "சிறந்த மாணவி, கடின உழைப்பாளி"ன்னே இருந்தா, யார் நல்ல ரெசிடென்டா வருவாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? லெட்டரெல்லாம் இப்படி ஒரே மாதிரி இருந்ததாலதான் எமர்ஜென்சி மெடிசின்காரங்க 1990கள்லயே தங்களுக்குன்னு ஒரு பொதுப் படிவம் கொண்டுவந்தாங்க. கூடப் படிச்சவங்களோட ஒப்பிட்டா இவங்க எந்த இடம், ரெசிடென்சியில இவங்களுக்கு எவ்வளவு வழிகாட்டல் தேவைப்படும்னு அதுல நேரடியாவே கேட்கறாங்க. நீ அப்ளை பண்றது இன்டர்னல் மெடிசினுக்குத்தான், இருந்தாலும் இந்த ரெண்டு கேள்விக்கும் உன்னைப் பத்தி யாரால பதில் சொல்ல முடியும்னு யோசி. அவங்ககிட்ட போ.

உதாரணத்துக்கு, கிரியாட்டினின் ஏறிட்டே போற நோயாளிக்கு மெட்ஃபார்மின் ஓடிட்டிருக்கிறதை நீ கேஸ் ஷீட்ல கவனிச்சு, ரவுண்ட்ஸுக்கு முன்னாடியே யூனிட் சீஃப்கிட்ட சொன்னேன்னு வை. அதை அவர் ரெண்டு வரி எழுதினா போதும், பத்துப் பாராட்டு வார்த்தைக்கு மேல. தப்பைச் சுட்டிக்காட்டினா நீ எப்படி எடுத்துக்கறே, நர்ஸ்கிட்ட எப்படிப் பேசறேங்கிறதும் கிட்ட இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். அமெரிக்காவுல வெறும் அப்சர்வர்ஷிப் போனா, நீ நோயாளியைத் தொடவே முடியாது. அங்கே வாங்கற லெட்டர் நேரத்துக்கு வந்தேன்னு மட்டும் சொல்லும். நோயாளியை நேரடியா கவனிக்கிற ரொட்டேஷன் கிடைச்சா விடாதே.

பொண்ணுங்க இன்னொண்ணையும் கவனிக்கணும். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒண்ணுல ஆசிரியர் வேலைக்கு வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட லெட்டர்களை ட்ரிக்ஸ், செங்காங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் ஆராய்ஞ்சு 2003-ல வெளியிட்டாங்க. பெண்களுக்கு எழுதினது சராசரியா நீளம் கம்மி, சந்தேகம் கிளப்பற வரிகள் அதிகம். எழுதினவங்க கெட்ட எண்ணத்தோட எழுதினாங்கன்னு நான் நினைக்கல. ஆனா பாதிப்பு பாதிப்புதான். அதனால லெட்டர் கேட்கும்போது சி.வி.யோட, எழுதறவரோட யூனிட்ல நீ பார்த்த நாலஞ்சு கேஸ், ஒவ்வொண்ணுலயும் நீ செஞ்சது என்னன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடு. கூச்சப்படாதே.

லெட்டரைப் பார்க்கற உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்னு, அப்ளை பண்ற ஈராஸ் (ERAS) தளத்துல டிக் பண்ணிடு. ஒரு ப்ரோக்ராமுக்கு அதிகபட்சம் நாலு லெட்டர்தான். அப்லோட் பண்ண வேண்டியது எழுதறவங்க, நீ இல்ல. செப்டம்பர்ல அப்ளிகேஷன் போகணும்னா கோடையிலயே கேட்டு வச்சிடு.

நம்ம ஊர்ல சில பேர் "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்"பாங்க. அந்த ஒரு பக்கக் குறிப்பை நீட்டி, "உங்க வார்த்தையில எழுதினா நல்லா இருக்கும் சார்"னு சொல்லிப் பாரு. அப்பவும் தயங்கினா, நன்றி சொல்லிட்டு அதே யூனிட்ல உன்னோட நைட் டூட்டி பார்த்த அசிஸ்டன்ட் ப்ரொஃபசர்கிட்ட கேளு.