கூண்டுப் பறவையின் நகம் பேணுவோம்



நம் கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், குனோங் ஜெராய் மலைக்கு அருகில் மெர்போக் என்னும் ஊர் உள்ளது. அதே பெயரில் ஓர் ஆறும் உண்டு. மெர்போக் என்பது மலாய்மொழியில் ஒரு சிறு புறாவின் பெயருமாகும். அதன் குரல் இனிமையைக் கருதி மலாய்க்காரர்கள் அதனைக் கூண்டிலிட்டு வீட்டு முகப்பில் தொங்கவிடுவது நெடுநாளைய வழக்கம். தோட்டத்து லயங்களிலும், சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களின் தாமான் வீடுகளிலும் நம்மவர்கள் கிளி, மைனா, 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளி முதலியவற்றை வளர்க்கின்றனர்.

வளர்க்கும் பறவைக்குத் தினையும் நீரும் தவறாமல் வைக்கிறோம். ஆனால், அதன் கால்நகங்களைக் கவனிப்பவர் சிலரே. கவனித்தவர்களுள்ளும், வெட்டும் முறை அறியாது பறவைக்குத் துன்பம் விளைவிப்பவர் உளர். ஆதலின், நகம் பேணும் முறையை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

நகம் நீளுவது ஏன்?

ஆஸ்திரேலியச் சிறுகிளியின் தாயகம் அந்நாட்டின் வறண்ட உள்நிலப் பகுதியாகும். ஜான் கூல்டு என்னும் பறவையியல் அறிஞர் 1840ஆம் ஆண்டில் உயிருள்ள சிறுகிளிகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன்பின் அது உலகெங்கும் வீட்டுப் பறவையாயிற்று. தாயகத்தில் அது கூட்டமாகப் பறந்து, பருத்தும் மெலிந்தும் உள்ள பல கிளைகளில் அமர்கிறது. நிலத்தில் நடந்து விதை பொறுக்குகிறது. அதனால் அதன் நகங்கள் தாமே தேய்கின்றன. கூண்டில் உள்ள பறவையோ, ஒரே அளவான வழவழப்பான கட்டையில் நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறது. நகம் தேய்வதற்கு வழியில்லை. ஆகவே நீண்டு வளைகிறது.

நீண்ட நகத்தை எவ்வாறு அறிவது? பறவை சமதளத்தில் நிற்கும்போது, நகம் தரையில் ஊன்றி விரலின் நுனியை மேலே தூக்குமாயின், அது அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். அத்தகைய நகம் கூண்டுக் கம்பியிலும் துணியிலும் சிக்கும். அப்போது பறவை வெருண்டு சிறகடித்தால் நகம் பிய்ந்துவிடும். கால் முறிதலும் கூடும்.

நகத்தின் அமைப்பு

நம் நகத்தைப் போலவே பறவையின் நகமும் கெரட்டின் என்னும் பொருளால் ஆனது. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. பறவையின் நகத்தினுள் குருதிக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெளிர்நிற நகத்தில் இப்பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுத்த நகத்தில் அது கண்ணுக்குப் புலப்படாது. இதனை வெட்டிவிட்டால் பறவைக்கு வலி உண்டாகும், குருதியும் கசியும்.

சிறு கசிவுதானே என்று எண்ணலாகாது. ஒரு கணக்குச் செய்து பாருங்கள். பறவையின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குருதி. 35 கிராம் எடையுள்ள சிறுகிளியின் உடலில் இருப்பது சுமார் 3.5 மில்லிலிட்டர், ஒரு தேக்கரண்டி கூட நிறையாது! நலமுள்ள பறவை இதில் பத்தில் ஒரு பங்கு இழப்பைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதாவது 0.35 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி எனக் கொண்டால், அஃது ஏழே துளிகள். நமக்கு ஏழு துளி அற்பம். அச்சிற்றுயிர்க்கோ அதற்கு மேல் ஒவ்வொரு துளியும் உயிர்.

வெட்டும் முறை

இப்பணியைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். சிறுவர்கள் அருகிலிருந்து உதவலாம். ஒருவர் பறவையைப் பிடிக்க, மற்றொருவர் நகத்தை வெட்டுவதே நன்று.

1. வெயில் ஏறாத காலை வேளையில், நல்ல வெளிச்சத்தில் செய்க. கதவு, சன்னல்களை அடைத்து மின்விசிறியை நிறுத்துக. வீட்டில் பூனை இருப்பின் வெளியே விடுக.

2. சிறு நகவெட்டி, நக அரம், மெல்லிய துணி, ஒரு கிண்ணத்தில் சோளமாவு ஆகியவற்றை முன்னரே எடுத்து வைத்துக்கொள்க.

3. துணியால் பறவையை மெல்லப் போர்த்திப் பிடிக்க. தலையின் இருபுறமும் விரல்கள் இருக்கட்டும். மார்பை ஒருபோதும் அழுத்தலாகாது. நமக்குள்ளது போன்ற உதரவிதானம் பறவைக்கு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைவதாலேயே அது மூச்சு விடுகிறது. மார்பை இறுக்கினால் மூச்சு நின்றுவிடும்.

4. நகத்தின் கூரிய நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவே வெட்டுக. வெளிர்நிற நகத்தில், சிவந்த பகுதிக்குச் சற்று முன்னதாகவே நிறுத்துக. கறுத்த நகமாயின் அரத்தால் நுனியைத் தேய்த்தலே சாலச் சிறந்தது.

5. பறவை அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே கூண்டில் விட்டு, எஞ்சியதை மற்றொரு நாள் செய்க. மிக நீண்ட நகத்தை ஒரே நாளில் குறைக்க முயலாதீர். சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக வெட்டினால், உள்ளிருக்கும் குருதிக் குழாயும் மெல்லப் பின்வாங்கும்.

குருதி வந்தால்

பதற்றம் வேண்டா. சோளமாவை நகநுனியில் வைத்து, ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடிக்க. கோதுமை மாவும் உதவும். நின்றதும் பறவையை அமைதியான இடத்தில் வைக்க. ஐந்து நிமிடம் கடந்தும் நிற்கவில்லையாயின், தாமதியாது கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. நகம் வழக்கத்திற்கு மாறாக விரைந்து வளர்ந்தாலும், காலில் செதில் தடித்துக் காணப்பட்டாலும் மருத்துவரை நாடுக. அவை கல்லீரல் நோய்க்கோ சிற்றுண்ணித் தொல்லைக்கோ அறிகுறியாக இருக்கலாம். பறவையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவ மறவாதீர்.

வெட்டாமல் காக்கும் வழி

வெட்டுவதினும் வெட்ட வேண்டிய தேவையைக் குறைப்பதே மேல். அதற்குச் செலவில்லாத வழி ஒன்று நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. பூச்சிமருந்து அடிக்காத கொய்யா மரத்திலிருந்து, பருமன் வேறுபட்ட இரண்டு மூன்று கிளைகளை வெட்டி, கழுவிக் காயவைத்துக் கூண்டில் பொருத்துங்கள். பறவையின் விரல்கள் முக்கால் பங்கு சுற்றும் அளவான கிளை ஏற்றது. சொரசொரப்பான பட்டையில் நகம் தானே தேயும். காலுக்கும் நல்ல பயிற்சி கிடைக்கும். மணற்காகிதம் சுற்றிய கட்டையை வைக்கலாகாது. அது பாதத்தைப் புண்ணாக்கும். கூண்டும் பறவை சிறகை விரித்து அசைவதற்கேற்ற பெரிதாக இருத்தல் வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் நிற்கட்டும். மலைமைனா போன்ற பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதும் வளர்ப்பதும், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். மரத்தில் கூடு கட்டியுள்ள குஞ்சுகளை எடுத்து வராதீர்கள்.

காட்டில் உள்ள பறவைக்கு மரமே நகவெட்டி. அதனைக் கூண்டில் அடைத்த நாளிலேயே, அம்மரம் செய்த பணி நம்மைச் சேர்ந்துவிட்டது. உணவளிப்பது போலவே அப்பணியையும் அன்போடு செய்வது வளர்ப்பவர் கடமையாகும்.

சிந்தித்து விடை தருக

1. கூண்டுப் பறவையின் நகம் மிகுதியாக நீளுவது ஏன்?
2. பறவையைப் பிடிக்கும்போது மார்பை அழுத்தலாகாது. காரணம் யாது?
3. 40 கிராம் எடையுள்ள பறவையின் உடலில் ஏறத்தாழ எவ்வளவு குருதி இருக்கும்?
4. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள கூண்டைப் பார்வையிடுக. அதில் எத்தனை வகைப் பருமனுள்ள கிளைகள் உள்ளன?