அடுத்தவர் கை வைக்கலாமா?

கோலார் தங்கவயலின் கோரமண்டலில் எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் வருவது ஒரு தேதி. சுரங்கம் எப்போது திறக்கும், தொழிற்பேட்டை எந்த வருஷம் வரும்? 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டதிலிருந்து ஊர் கேட்ட தேதிகள் ஏராளம். ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. திட்டம் போடுகிறவர்களிடமே மைல்கல் பற்றித் தவறான நம்பிக்கைகள் ஊறிக் கிடக்கின்றன. அவற்றைத் திருத்தத் தங்கவயலின் சரித்திரமே போதும்.

நம்பிக்கை: மைல்கல் என்றால் ஒரு தேதி.

1902 ஜூன் 30 அன்று, காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து தங்கவயலுக்கு வந்தது. அன்றைய உலகின் மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. தேதி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய படிகளைத்தான் மறந்துவிட்டோம். மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாக ஜான் டெய்லர் நிர்வாகத்தின் சுரங்கக் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டன. அது இல்லாமல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடமும் சுவிட்சர்லாந்தின் எஷர் வீஸிடமும் இயந்திரம் வாங்கியிருந்தால், மைசூர் அரசின் பணத்தை ஆற்றில் போட்ட மாதிரிதான். கால்வாயில் நீர் வராமல் டர்பைன் சுற்றாது. வழியெல்லாம் கம்பி இழுத்தாலும், சுரங்கத்தில் மோட்டார் பூட்டியிருக்காவிட்டால் நீராவி எஞ்சின்தான் ஓடும்.

அடுத்த வேலைக்காரர் வந்து கை வைக்கலாம் என்ற நிலை எதுவோ அதுதான் மைல்கல். அந்த நிலை எப்போது வரும் என்ற மதிப்பீடே தேதி. இன்னொன்றும் உண்டு. இந்த மின் திட்டத்துக்கு முதுகெலும்பாக நின்ற திவான் சேஷாத்ரி ஐயர் 1901 செப்டம்பரில் காலமானார்; வேலை நிற்கவில்லை. ஒருவர் மனதில் மட்டும் இருக்கும் மைல்கல் அவரோடு போய்விடும். ஒப்பந்தத்திலும் வரைபடத்திலும் ஏறியது மற்றவர் கையிலும் நடக்கும்.

நம்பிக்கை: 'எண்பது சதவீதம் முடிந்தது' என்பதும் மைல்கல்தான்.

இல்லை. ஷாஃப்ட் இறக்கும் இடத்தில் எத்தனை அடி இறங்கினோம் என்பது கூலிக் கணக்குக்கு உதவும். தங்கவயலில் 3,000 மீட்டருக்கும் கீழே போனார்கள். ஆனால் அடிக்கணக்கை நம்பி யாரும் கேஜில் ஏற முடியாது. தூக்குக்குண்டு போட்டு நேர் பார்த்து, சுவரை உறுதி செய்து, தண்ணீரை இறைத்து, காற்று வருகிறதா என்று சோதித்து, 'ஷிப்டை இறக்கலாம்' என்று பொறுப்பானவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துத்தான் மைல்கல். பாறை வெடிப்பில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர் இது. 'கிட்டத்தட்ட முடிந்தது' என்ற பேச்சை இங்கே ஏற்கவே கூடாது.

நம்பிக்கை: மைல்கல் கூடக்கூடக் கட்டுப்பாடும் கூடும்.

அறிக்கை எழுதும் வேலைதான் கூடும். யாரும் காத்திராத மைல்கல்லை அடித்துவிடலாம்.

நம்பிக்கை: மைல்கல்லை எட்டினால் கொண்டாட்டம், தவறினால் அவமானம்.

1880-களின் தொடக்கத்தில் இங்கே முளைத்த கம்பெனிகளில் பலவும் தங்கம் காணாமலே படுத்துவிட்டன. மைசூர் கம்பெனியிலும் பணம் கரைந்துகொண்டிருந்தது. மிச்சத்தையும் போடுவதா, கடையைக் கட்டுவதா என்று பங்குதாரர்கள் கூடிப் பேசித் தொடர முடிவெடுத்தார்கள். அதன் பிறகே சாம்பியன் ரீஃப் என்ற தங்கப் படிவு அகப்பட்டது. ரீஃப் கிடைத்தது பாதி அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். நின்று, கணக்குப் பார்த்து, போவதா விடுவதா என்று முடிவெடுக்க ஓர் இடம் இருந்தது பாருங்கள், அதுதான் கற்க வேண்டியது. நிறுத்தலாம் என்ற பதிலுக்கு இடமில்லாத மைல்கல், மைல்கல்லே இல்லை.

இப்போது சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளுக்கு வருவோம். அவற்றில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கு மேல். மேட்டைக் கிளறினால் தூசி கிளம்பும். காற்றடிக்கும் மாதங்களில் அது வீட்டுச் சோற்றுப் பானை வரை வருவதை இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனவே அதிகாரிகள் ஊருக்கு வந்தால் எந்த மாதம் தொடங்குவீர்கள் என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். தூசியை அளக்கும் கருவி எங்கே இருக்கும், அதன் அளவை யார் குறிப்பார், எல்லை மீறினால் மண் அள்ளுவதை அன்றே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் எழுத்தில் வந்த பிறகு முதல் இயந்திரம் மேட்டில் ஏறட்டும்.