ராத்திரி ஷிப்ட் அப்பாவுக்கு

பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் எல்லாரும் முதலில் கடைக்குத்தான் ஓடுகிறோம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பை நிறையக் குட்டிச் சட்டை வாங்கிவிட்டால் தயாராகிவிட்டதாக ஒரு நிம்மதி. முதல் மாதத்தில் அதிகம் உதவுவது பழைய காட்டன் வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைத்த துணிதான். ராத்திரி யார் விழித்திருப்பது, தண்ணீர் யார் பிடிப்பது, துணி யார் அலசுவது, இந்த மூன்றையும் வலி வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

எங்களுக்கு அதைப் பேசியே தீர வேண்டியிருந்தது. மனைவிக்கு அம்மா இல்லை. தலைப்பிரசவம் முடிந்து, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலிருந்து நேராக எங்கள் வியாசர்பாடி வீட்டுக்கே வந்தாள். எனக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. 2017 மகப்பேறுச் சட்டத் திருத்தம் வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு தந்தது. அப்பாக்களுக்கு அதில் ஒரு நாள்கூட இல்லை. பிள்ளை அப்பாவுக்கும் சேர்த்துத்தானே பிறக்கிறது? மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டு, ராத்திரியில் வீட்டில் இருக்கிற மாதிரி ஷிப்ட் மாற்றிக்கொண்டேன்.

பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழும். அம்மா பால் கொடுத்துவிட்டுப் படுத்துவிட வேண்டும். ஈரத்துணி மாற்றுவது, தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வரவைப்பது, மறுபடி மல்லாக்கப் படுக்கவைத்துத் தூங்கப்பண்ணுவது எல்லாம் மற்றவர் வேலை. தையல் வலியோடு இருக்கிறவளுக்கு இந்த இடைப்பட்ட தூக்கம்தான் மருந்து.

துணி அலசுகிற வேலையை ஆம்பளை எடுத்துக்கொள்வதில் இன்னொரு நன்மை உண்டு. குழந்தை அழும்போதெல்லாம் பக்கத்து வீட்டு ஆயா வந்து, "பால் பத்தலடா, அதான் கத்துது. பசும்பால்ல தண்ணி ஊத்திக் குடு" என்பார். எந்த வீட்டுக்கும் இந்தப் பேச்சு வரும். அம்மாவின் மனசைப் பாதி உடைப்பதும் இதுதான். நான் கொடியைக் காட்டுவேன். "ஆயா, காலையிலேர்ந்து எத்தனை துணி அலசியிருக்கேன் பாரு. பால் பத்தலன்னா இவ்ளோ ஒண்ணுக்கு எங்கேர்ந்து வரும்?" முதல் வாரம் கழிந்தபின் ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைந்தால், எடையும் ஏறினால், பால் போதுகிறது என்று அர்த்தம். பிறந்த சில நாளில் எடை கொஞ்சம் குறையும்; பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிடும். துணி நனைவது குறைந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ காத்திருக்கக் கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம்.

ஆயாவை நான் ஒதுக்கவில்லை. பத்தியச் சமையலும் பிள்ளையைத் தூக்கும் பக்குவமும் அவரிடம் கற்றதுதான். சாம்பிராணி விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தால் எங்கள் தெருவுக்கே கண் எரியும். போதாததற்கு லாரிப் புகை. பிள்ளையின் நுரையீரலுக்கு வீட்டுக்குள்ளும் எதற்குப் புகை? கொசுவர்த்திச் சுருளையும் நிறுத்திவிட்டு வலை கட்டினோம். கால்வாய் பக்கம் குடியிருப்பவர்களுக்கு வலை இல்லாமல் ஆகாது. எங்களுடையது ஷீட் வீடு, பகலில் கொதிக்கும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது நன்றாகக் கைகொடுத்தது.

காகித வேலையைக் கர்ப்ப காலத்திலேயே முடித்துவிடுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியான ரூ.18,000-க்கும் அதுதான் ஆதாரம், அதில் ரூ.14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் பிரசவம் என்றால் ஆட்டோக்காரரிடம் முன்பே வழி பேசிவையுங்கள்; மழையில் சுரங்கப்பாதைகள் மூழ்கிவிடும்.

பிரசவமான சில நாளில் மனைவி காரணமே இல்லாமல் அழுதாள். நிறையப் பெண்களுக்கு வருவதுதான். இரண்டு வாரத்தில் தணிய வேண்டும். தணியாவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், "பேய் அடிச்சிருக்கு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போகாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தயக்கமாக இருந்தால் முதலில் 104-க்குப் போன் போட்டுப் பேசலாம். என் மனைவிக்குத் தூக்கம் கிடைக்கக் கிடைக்கச் சரியானது.

பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசி, சில வாரம் கழித்துக் கையில் கொப்புளமாகும். பயப்படாதீர்கள், மருந்து தடவாதீர்கள், தானாக ஆறும். அடுத்த ஊசிகள் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில். அன்றைக்குக் காய்ச்சல் வரலாம். ராத்திரி அழுகையும் கூடும். அந்த நாட்களுக்கு மட்டுமாவது வீட்டில் இருக்கிற மாதிரி ஷிப்டை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.