படுத்திருந்தவர்கள் சும்மா படுத்திருக்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகத் திறந்த 5பி வார்டைப் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். கையுறை இல்லாமல் எய்ட்ஸ் நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்ளும் செவிலியர் பற்றிய பத்தி பிரமாதம். அதில் ஒரு சொல்லையும் மாற்றாதே. மற்ற பக்கங்கள்தான் எரிச்சலூட்டின. உன் கட்டுரையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் நல்ல உடம்புக்காரர்கள்; நோயாளிகள் படுத்திருக்கிறார்கள், நன்றி சொல்கிறார்கள், சாகிறார்கள். வார்டு திறந்தது 1983 ஜூலையில். 1981 கடைசியிலேயே, நோய்க்கு இன்னும் பெயர்கூட வைக்காத காலத்தில், பாபி கேம்பெல் தன் பாதத்தில் அந்நோயின் அடையாளமாக வந்திருந்த ஊதாப் புள்ளிகளைப் படமெடுத்து, அதே ஊரின் காஸ்ட்ரோ தெரு ஸ்டார் பார்மசியின் கண்ணாடி ஜன்னலில் ஒட்டிவிட்டார். இப்படி எதுவும் தென்பட்டால் டாக்டரிடம் போங்கள் என்று. அவர் நோயாளி, தொழிலால் செவிலியரும்கூட. சாகக் கிடப்பவனிடம் என்ன பொதுவேலையை எதிர்பார்ப்பது என்று கேட்பாய். எல்லோராலும் முடிந்திருக்காதுதான், கேம்பெல்லே 1984 ஆகஸ்டில் போய்விட்டார். ஆனால் அந்த மூன்று வருஷத்துக்குள் நடந்ததைப் பார். 1983 ஜூனில் அவரும் மற்ற நோயாளிகளும் டென்வரில் கூடி விட்ட அறிக்கையில், தனக்கு நெருங்கியவர் யார் என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமையும் இருக்கிறது. அடுத்த மாதம் திறந்த வார்டில் நெருங்கியவர் யார் என்பதை நோயாளியே சொல்லும் வழக்கம் இருந்ததை நீ மருத்துவமனையின் பெருந்தன்மையாக எழுதிவிட்டாய். செவிலியர்களின் அன்பை நான் குறைக்கவில்லை. கேட்டவர்களை விட்டுவிட்டுக் கொடுத்தவர்களை மட்டும் எழுதினால் அது நன்கொடையாளர் பட்டியலாகிவிடும்.

இன்னொன்று, "ஊரே ஒன்றுதிரண்டது" என்கிறாய். எங்கே திரண்டது? தன்பாலீர்ப்பாளர்கள் கூடிய குளியல் விடுதிகளை மூடுவதா வேண்டாமா என்று 1984 முழுக்க அவர்களுக்குள்ளேயே அடிதடி இல்லாத குறை. மூடாவிட்டால் அங்கே நடக்கும் உடலுறவால் நோய் பரவி இன்னும் பலர் சாவார்கள் என்றது ஒரு பக்கம். போலீஸ் கெடுபிடியை வருஷக்கணக்கில் அனுபவித்தவர்கள், இன்று விடுதிக்குள் வரும் அரசாங்கம் நாளை படுக்கையறைக்குள் வரும் என்றார்கள். இரண்டு பயத்துக்கும் காரணம் இருந்தது. இந்தச் சண்டையை எழுதினால் அவர்களைப் பழிப்பவர்களுக்கு வாய்ப்பாகும் என்று நீ தயங்கியிருக்கலாம். பழிப்பவனுக்கு உன் கட்டுரை தேவையே இல்லை. தங்கள் உயிரைத் தாங்களே காக்க முனைந்தவர்கள் எப்படிக் காப்பது என்பதில் மோதிக்கொண்டார்கள். அதை மறைத்தால் அவர்கள் யோசித்ததையே மறைத்ததாகும். அக்டோபரில் நகரத்தின் சுகாதார இயக்குநர் மெர்வின் சில்வர்மன் மூட உத்தரவிட்டார். அடுத்த மாதமே நீதிமன்றம் நிபந்தனையோடு திறக்கவிட்டது: ஊழியர்கள் சுற்றிவந்து கண்காணிக்க வேண்டும், தனியறைகளின் கதவுகளைக் கழற்றிவிட வேண்டும். அந்தக் கதவுகளுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கி, திருத்திய பிரதியை அனுப்பு.