ஆயில் ஃபில்டரும் முரட்டு இறுக்கமும்

ஆயில் ஃபில்டரை எவ்வளவு பலங்கொண்டு இறுக்குகிறோமோ அவ்வளவுக்குக் கசிவு இராது என்பது, பட்டறைகளில் மட்டுமன்றி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு தம் கையாலேயே ஆயில் மாற்றும் அன்பர்களிடத்திலும் வேரூன்றிப்போன ஒரு நம்பிக்கை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், யந்திரத்தின் அமைப்பைச் சற்று உற்றுப் பார்ப்பவர்களுக்கு இதிலுள்ள பிசகு விளங்காமற் போகாது. ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 போன்ற வண்டிகளில் ஃபில்டர் என்பது என்ஜினின் மரையில் திருகி ஏற்றப்படும் ஒரு சிறு தகர டப்பா. அங்கே ஆயிலை வெளியே வரவொட்டாமல் தடுப்பது அந்த மரையும் அன்று, நம்முடைய புஜபலமும் அன்று, டப்பாவின் வாயைச் சுற்றிப் பதிந்துள்ள ரப்பர் வளையம் ஒன்றுதான். அந்த வளையம் என்ஜினின் வழவழப்பான முகத்தைத் தொட்ட இடத்திலிருந்து, பெரும்பாலான ஃபில்டர்களில், முக்கால் சுற்றளவு கையாலேயே திருகினால், அது வேண்டிய மட்டும் நசுங்கித் தன் வேலையைச் செவ்வனே செய்யத் தொடங்கிவிடுகிறது; அதற்கு மேலும் திருகினாலோ, வளையம் பிதுங்கி உருக்குலைந்து, எந்தக் கசிவுக்கு அஞ்சினோமோ அந்தக் கசிவுக்கே வழி செய்துவிடும். யமஹாவின் பல வண்டிகளுக்கு 17 நியூட்டன் மீட்டரும், ஹோண்டாவின் பல வண்டிகளுக்கு 26 நியூட்டன் மீட்டரும் கம்பெனியார் விதித்திருக்கும் அளவுகள். பின்சக்கர அச்சின் நட்டுக்கு வேண்டியதில் இது பாதிகூட ஆகாது.

சில ஃபில்டர்களின் நுனியில் ஸ்பேனர் பிடிப்பதற்கு வாகாக ஒரு நட்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். நட்டு இருக்கிறதென்றால் இறுக்குவதற்குத்தானே என்று தர்க்கம் செய்வோர் உண்டு. அது கழற்றும்போது கைகொடுப்பதற்கென்று வைத்த சௌகரியமேயன்றி வேறில்லை.

மிகையாக இறுக்கியதன் பலனை அடுத்த தடவை கழற்றும்போதுதான் அனுபவிக்க நேரும். கை வழுக்கும், அப்பொழுது யாராவது ஒருவர், டப்பாவின் குறுக்கே ஸ்க்ரூ டிரைவரை அடித்து இறக்கி அதையே பிடியாக வைத்துத் திருகிவிடலாம் என்று யோசனை சொல்வார். தகரம் மெல்லியது, அசையாத ஃபில்டரில் இந்த வித்தையைப் பிரயோகித்தால், மரை நகராமல் தகரம் மட்டும் கிழிந்துபோய், அடித்தகடு என்ஜினோடு ஒட்டிக்கொண்டு நிற்க, கூரிய விளிம்பு விரலைப் பதம் பார்த்துவிடும். மூடிபோல் கவிந்து பிடிக்கும் ரெஞ்சோ, பட்டையால் சுற்றிப் பிடிக்கும் ரெஞ்சோ அதிக விலையுள்ள சாமான்கள் அல்ல. அவை இல்லாத இடத்தில் ஓர் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகினாலும் பல ஃபில்டர்கள் இணங்கிவிடுகின்றன.

ஆனால் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய பிழை வேறொன்று இருக்கிறது. பழைய ஃபில்டர் கழன்று வந்துவிட்டால் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதென்று நாம் நம்பிவிடுகிறோம். சூட்டில் பதப்பட்டுப்போன அந்த வளையம் சில சமயங்களில் என்ஜினின் முகத்திலேயே கறுப்போடு கறுப்பாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேல் புதிய ஃபில்டரை ஏற்றினால் ரப்பரின் மேல் ரப்பராக இரண்டு வளையங்கள் அமைந்து, வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது ஒரு துளியும் கசியாமல் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, சாலையில் வேகமும் ஆயிலின் அழுத்தமும் ஏறியவுடன் ஒன்று பிதுங்க, ஆயில் பீறிட்டுப் பின்சக்கரத்தின் டயரில் பாயும். வளைவில் சாய்ந்து திரும்புகிறவனுக்கு அப்புறம் பிரேக்கும் துணையில்லை, சாமர்த்தியமும் துணையில்லை. ஆகையால் கழற்றிய ஃபில்டரைத் திருப்பி, வளையம் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதும், என்ஜினின் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டு விரலை ஒருமுறை சுற்றிலும் ஓட்டி வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும், எவ்வளவு அவசரத்திலும் விடக்கூடாத காரியங்கள். புதிய வளையத்தின் மேல் புது ஆயிலை விரலால் மெல்லத் தடவுவதும் சம்பிரதாயத்துக்காகச் செய்வதன்று. உலர்ந்த ரப்பர் திருகும்போது இழுபட்டு மடங்கும். கசிவுக்குப் பயந்து அந்த இடத்தில் சிலிகான் பசையை அப்புகிறவர்கள், மிகுந்து உள்ளே பிதுங்கும் பசை ஆயில் செல்லும் துவாரங்களை அடைத்துவிடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயில் நன்றாகக் கொதிக்கக் கொதிக்க இறக்கினால்தான் அழுக்கு முழுதும் வரும் என்பது இன்னொரு பிரமை. இரண்டு மூன்று நிமிஷம் என்ஜினை ஓட்டி வெதுவெதுப்பாக்கினால் போதும். நீண்ட பிரயாணம் போய்வந்த வண்டியில் உடனே கை வைப்பவனுக்கு ஆயிலாலும் காயம், பக்கத்திலேயே தகித்துக்கொண்டிருக்கும் சைலன்ஸர் குழாயாலும் காயம்.

எல்லா வண்டியிலும் மாற்றத்தக்க ஃபில்டர் உண்டு என்று எண்ணுவதும் தவறு. நம் ஊர்த் தெருக்களில் எண்ணற்று ஓடும் ஹீரோ ஸ்பிளெண்டரின் 97 சி.சி. என்ஜினில் காகித ஃபில்டரே கிடையாது. அங்கே கம்பிவலை ஒன்று பெருந்துகள்களைத் தடுக்கிறது. நுண்துகள்களைப் பொறுத்தவரையிலோ, கிராங்கின் நுனியில் அதனுடன் சேர்ந்தே சுழலும் ஒரு கிண்ணம், ஆயிலைச் சுழற்றி எறிந்து, கனமான அழுக்கைத் தன் உட்சுவரில் களிம்பாகப் படியவைத்துக்கொண்டு, தெளிந்த ஆயிலை பேரிங்குக்கு அனுப்புகிறது. இதைச் சுத்தம் செய்ய வலப்பக்க கவரைக் கழற்றியாக வேண்டும் என்பதனாலேயே பல வண்டிகளில் இது வருஷக்கணக்கில் தீண்டப்படாமல் கிடக்கிறது.

டப்பாவாக இல்லாமல், கவருக்குள் காகிதச் சுருளை மட்டும் செருகும் வண்டிகளில், எந்தப் பக்கம் செருகினால் என்ன என்ற அலட்சியம் மிகவும் விபரீதமானது. ஹோண்டாவின் இத்தகைய ஃபில்டர்கள் பலவற்றில் வெளிப்பக்கம் எது என்று எழுதியே இருக்கும். தலைகீழாகச் செருகினால் ஆயிலின் பாதை தடைப்பட்டு என்ஜின் பாழாகும். ஸ்பிரிங்கும் ஓ-ரிங்குகளும் கழன்று வந்த வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வைத்துவிட்டால் மாட்டும்போது சந்தேகம் வராது. பழைய காகிதத்தைப் பெட்ரோலில் அலசி மறுபடி மாட்டும் சிக்கனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இழைகளுக்குள் புகுந்த துகள் போகாது, பெட்ரோல் மட்டும் ஆயிலில் கலக்கும்.

அடைத்துக்கொண்டால் வண்டியே காட்டிக்கொடுத்துவிடும் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஃபில்டர் அடைபடும்போது ஆயில் நின்றுவிடக் கூடாதென்பதற்காகப் பெரும்பாலும் ஒரு மாற்றுவழி வால்வு அமைத்திருக்கிறார்கள். அது திறந்துகொண்டு, வடிகட்டாத ஆயிலை அப்படியே உள்ளே விட்டுவிடும். வண்டி வழக்கம்போல் ஓடும், தேய்மானமும் உள்ளுக்குள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும்.

மாட்டி முடித்ததும் ஆயில் ஊற்றி, என்ஜினைச் சில நிமிஷம் நின்றபடியே ஓட்டி, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்; பிறகு அணைத்து, ஆயில் இறங்கச் சற்றுப் பொறுத்து, வண்டியை நேராக நிறுத்தி அளவைச் சரிபாருங்கள்; தெருக்கோடி வரையில் ஒருமுறை போய்வந்து மறுபடியும் பாருங்கள். பழைய ஆயில் தோலுக்குக் கேடு விளைவிப்பது. 2016-ஆம் வருஷத்து மத்திய அரசின் விதிகளின்படி அபாயகரமான கழிவும் ஆகும். கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள். சாக்கடையில் ஊற்றாமல், கேனில் அடைத்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.