டர்போ சியராவுக்கு எந்த பிஸ்டன்?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் பழைய டாடா சியராவை எடுத்துச் சரிசெய்து ஓட்ட நினைக்கும் பிள்ளைகள் பெருகிவருகிறார்கள். நல்ல ஆசை. 1991-ல் வந்த வண்டி அது. 1997-ல் அதன் 1948 சி.சி. டீசல் எஞ்சினுக்கு டர்போவும் சேர்ந்தது. ஆனால் எஞ்சினைப் பிரித்துவிட்டு பிஸ்டன் வாங்கப் போகும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பையன் வீடியோவில் பார்த்த பெயரைச் சொல்கிறான். அறுவடைப் பணம் கையில் இருக்கும் அப்பா, "எது விலை கூடுதலோ அதையே போட்டுடுங்கண்ணே" என்கிறார். எஞ்சினுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். போர் தேயாமல், ஓவல் ஆகாமல் இருந்து, பிஸ்டனின் ரிங் பள்ளங்களும் நன்றாக இருந்தால் புது ரிங் செட் போதும். தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன். ஓவர்சைஸுக்கும் இடமில்லையென்றால் ஸ்லீவ் அடித்து ஸ்டாண்டர்டு அளவுக்குத் திரும்பலாம். டிராக்டர் எஞ்சின்களில் கை பழகியவன் நான்; என் ஓட்டு எப்போதும் ஸ்லீவுக்குத்தான். பத்து வருஷம் கழித்துத் தேடினாலும் ஸ்டாண்டர்டு அளவு கிடைக்கும். கடைசி ஓவர்சைஸுக்கு அலைய வேண்டியிருக்கும். சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லிருந்து இயங்குகிறது. வார்ப்பு பிஸ்டனில் நம் நாட்டுக்கு அனுபவம் குறைவில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள். டர்போ இல்லாத சுமோவிலும் இதே 83 மி.மீ. போர் எஞ்சின் வந்தது. விட்டம் ஒன்று என்பதற்காகக் கடைக்காரர் நீட்டுவதை வாங்காமல், டர்போ எஞ்சினின் பாக எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு வருகிறேன். பிள்ளைகள் கேட்பதெல்லாம் இதைத்தான். அடித்து உருவாக்கிய அலுமினியம் என்பதால் உறுதி அதிகம், அது உண்மை. ஆனால் வீடியோவில் ஓடுவது பெரும்பாலும் பெட்ரோல் ரேஸ் எஞ்சின். அங்கே நாக்கிங் அடித்து ரிங்குகளுக்கு இடைப்பட்ட விளிம்பு உடையும். அதைத் தாங்க அந்த உறுதி வேண்டும். டர்போ டீசலின் தொல்லை வேறு. மேல் ரிங் உட்காரும் பள்ளம் சூட்டிலும் அழுத்தத்திலும் அகன்றுபோவதுதான் அங்கே முதல் கவலை. அதனால்தான் டர்போ டீசல் பிஸ்டன்களில் அந்தப் பள்ளத்துக்கு நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையத்தை உள்ளே வைத்தே வார்க்கிறார்கள். சில பிஸ்டன்களில் தலைப்பகுதிக்குள் ஆயில் ஓடிச் சூடு தணிக்கக் கால்வாயும் விடுகிறார்கள். இவை இரண்டும் வார்ப்பில் எளிதாக அமையும். அடித்துச் செய்யும் அலுமினியத்தில் அப்படி அமைவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ரேஸுக்குச் செய்யும் ஃபோர்ஜ்டு பிஸ்டனில் பெரும்பாலும் சிலிக்கான் மிகக் குறைவு. சூட்டில் அதிகம் விரியும். அதனால் போரில் கூடுதல் இடைவெளி விட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஸ்கர்ட் சுவரில் தட்டும். சூடேறும் வரை ஆயிலும் மேலேறும். தினம் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் ஓடுகிற வண்டி பாதி நேரம் சூடேறாமலே ஓடும். போதாததற்குத் தை, மாசியில் அறுவடை மெஷின் கிளப்பும் வைக்கோல் தூசி. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ஹோஸில் ஒரு விரிசல் இருந்தால் போதும், அந்தத் தூசி நேராக மேல் ரிங்கை அரைக்கும். அங்கே இரும்பு வளையம் இல்லாத பிஸ்டனுக்கு ஆயுள் ஏது? குறுவைக்கு ஏடிடி 43, சம்பாவுக்கு சி.ஆர். 1009 என்று பட்டம் பார்த்து விதை எடுக்கிற ஊர் இது. பிஸ்டனையும் அப்படித்தான் எடுக்க வேண்டும்.

எதை வாங்கினாலும், பிஸ்டனை லேத்காரர் கையில் கொடுத்த பிறகே போர் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் பின்னுக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அந்தந்த போரை அதற்கேற்ற அளவில் முடிக்க வேண்டும். போரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளக்க வேண்டும். ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் வாய் இடைவெளி பாருங்கள். புத்தகத்தில் உள்ள அளவுக்குக் குறைந்தால், சூட்டில் ரிங் நுனிகள் ஒன்றோடொன்று முட்டிப் போரைக் கீறிவிடும். கடைசியாக, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீட்டுகிறது என்று டயல் கேஜில் பார்த்து, அதற்குத் தக்க ஹெட் கேஸ்கெட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவையும் அவசரமில்லாமல் செய்ய ஒரு மனம் வேண்டும். அப்பா பட்டறை வைத்திருக்கிறார் என்பதால் மட்டும் அது வந்துவிடாது, ஐ.டி.ஐ. சான்றிதழும் அதைக் கொண்டுவராது. ஒரே அளவை மூன்று முறை எடுத்தும் சலிக்காத பையன் ஒருவன் இருப்பான். அவனை இந்தத் தொழிலுக்கு விடுங்கள். சலிப்பவனுக்குப் பிடித்த வேறு வேலை நிச்சயம் இருக்கும். அதில் அவன் சிறக்கட்டும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்கு விலை கூடிய பிஸ்டன் வாங்கித் தருவதற்கு முன், ஒரு நல்ல மைக்ரோமீட்டர் வாங்கிக் கொடுங்கள்.